மூக்கில் பட்டது எது?

எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஏதோ ஒரு ஊரில் ஒரு மரப்பட்டறை இருந்தது. அங்கே காற்றின் வேகத்தில் ஆணி அடிக்கும் ஓர் ஆணித் துப்பாக்கியும், அதற்குக் காற்று கொண்டுவரும் குழாயும் இருந்தன. தச்சர் மருதையன் வேலை செய்துகொண்டிருந்தபோது குழாய்க்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்பா, நீ எப்போ ஆணி விடுவே?"

"விசையை அவர் விரல் அழுத்தியிருக்கணும், என் மூக்கில ஏதாவது படணும். உடனே விட்டுடுவேன்."

"பட்டது பலகைதானான்னு பார்ப்பியா?"

"எனக்கு ஏது கண்ணு?"

குழாய் விடவில்லை.

"இப்ப அவர் விரல் எங்கே?"

"விசையை அழுத்திக்கிட்டுத்தான் இருக்கு. அடுத்த பலகைக்கு நடக்கிறப்பகூட எடுக்க மாட்டார். நேரம் மிச்சமாம்."

"உன் மூக்கு?"

"அவர் தொடைப்பக்கம் ஆடிக்கிட்டு... ஐயோ!"

குழாய் சட்டென்று மேசைக்காலைச் சுற்றிக்கொண்டு பின்னால் இழுத்தது. புஸ்ஸென்று துப்பாக்கியிலிருந்து கழன்று விழுந்தது. அடுத்த நொடி துப்பாக்கியின் மூக்கு மருதையனின் தொடையில் இடித்தது. ஆணி வரவில்லை.

அவர் தொடையைத் தடவினார். விசையில் இருந்த தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று குழாயிடம் கேட்டுக்கொண்டே அதைத் திரும்ப மாட்டினார். பிறகு விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, அடுத்த பலகையை நோக்கி நடந்து போனார்.