மரியாதைக்காக

"இன்னுமா முடியலை, கப்ரியேலண்ணே?"

சைகோன் டோங் டு தெரு ஜவுளிக்கடைக்காரர் கிதிர் முகம்மது மூன்றாம் முறையாக வந்து நின்றார். மொழிபெயர்ப்பாளர் கப்ரியேலின் மேசையில் கிடந்த, இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம் அவருடையது. ஜப்பான் கம்பெனிக்கு ஜப்பானிய மொழியில் போனால்தான் மரியாதை என்பது அவர் எண்ணம்.

"'ஏஜென்சியை இன்னொரு வருஷம் கொடுங்க'ன்னு இங்கிலீஷ்ல சுலபமா எழுதிட்டீங்க, பாய். அங்கே யாரு பெரியவங்க, யாரு சின்னவங்கன்னு பார்த்து 'கொடு'ங்கிறதே மாறும். தப்பினா ஏஜென்சி போயிடும்."

ஜப்பான் பட்டாளம் சைகோனில் இருந்தபோது அடிவாங்கிக் கற்ற மொழி. எட்டுத் தாள்களைக் கசக்கி எறிந்த பிறகு, மாலையில்தான் சரியான வினைச்சொல் அமைந்தது. பாய் அதை வாங்கிக்கொண்டு போனதும், இங்கிலீஷ் கடிதத்தையும் கூடையில் போட்டுவிட்டுக் கப்ரியேல் படுத்துவிட்டார்.

மறுநாள் அந்த ஜப்பான் கம்பெனியின் சைகோன் ஆபீஸ் குமாஸ்தா பிரான்சுவா ஓர் உறையோடு வந்தார்.

"அவசரம், முசியே. புது மேனேஜருக்கு இதை இங்கிலீஷ்ல மாத்தித் தரணும்."

"அவர் ஜப்பான்காரர்தானே?"

"பொறந்து வளர்ந்தது அமெரிக்கா. ஜப்பான் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது."

கப்ரியேல் உறையைப் பிரித்தார். நேற்று அவர் எழுதிய கடிதம்தான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குப்பைக்கூடையை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.