ஆற்றுக் காற்று

முடிவுக் கோட்டுக்கு அப்பால் வெயில் ஏறுகிறது. வருடந்தோறும் இந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்காகவே கடல் கடந்து வருகிறவர்கள் புரியாத மொழிகளில் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். பார்வையில்லாத டெலிபோன் ஆபரேட்டர் நடுவில் நிற்கிறான். அவன் மணிக்கட்டும், வழிகாட்டியாகக் கூட ஓடிவந்த அக்கா கணவரின் மணிக்கட்டும் இன்னும் ஒரே கயிற்றில் இருக்கின்றன. யாரோ மாட்டிவிட்ட மெடல் நெஞ்சில் சில்லென்று படுகிறது.

“நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டோம் மாப்ளே!” என்று அவர் அவன் முதுகில் தட்டுகிறார்.

அவன் சிரிக்கவில்லை. “ஆத்துப் பாலத்தை ரெண்டு தடவை தாண்டணும் மச்சான். ஆத்துக் காத்து ஒரு தடவைதானே அடிச்சுது?”

தட்டிய கை அப்படியே நின்றுவிடுகிறது. “முட்டி பிடிச்சுக்கிச்சுடா. குறுக்கே ஒரு சந்து இருந்துச்சு. உனக்குத் தெரியவா போகுதுன்னு...”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுகிறது.

“பள்ளம்னா பள்ளம், மேடுன்னா மேடு. நீங்க சொன்னதை நம்பித்தானே ஒவ்வொரு அடியும் வச்சேன்?”

வியர்வையில் இறுகிக் கிடக்கும் முடிச்சை அவன் பல்லால் கடித்து அவிழ்க்கிறான். மேஜையிலிருந்து எண்களைக் கூப்பிடும் நடுவரின் குரல் பக்கமாகத் திரும்புகிறான். “சார், நான் முழுசா ஓடலை. லிஸ்ட்லேர்ந்து என் நம்பரை அடிச்சிடுங்க.”

பின்னாலிருந்து கூட்டம் நெருக்குகிறது. வெளியே போகும் வழி அவனுக்குத் தெரியாது. கையை நீட்டித் துழாவுகிறான். கிடைப்பது அவருடைய தோள்தான். கையை எடுக்கிறான்; பிறகு அதையே பிடித்துக்கொள்கிறான்.