மூன்று நிறம்

“என்னை மெடிக்கல் கடையாவே ஆக்கிட்டியா புள்ள?”

காய்ச்சல் முற்றாத நாளில், சிரித்துக்கொண்டே அவன் கேட்டது.

அவளும் சிரித்தாள். “பேசாம முழுங்குங்க மாமா.”

இப்போது அவன் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. அவள் வெளியே, டாக்டரின் மேசைக்கு முன்னால்.

அவன் கண் மஞ்சளாகிவிட்டது. காலையிலிருந்து யாரையும் அடையாளம் தெரியவில்லை.

மேசையில் மூன்று பொட்டலங்கள். வீட்டிலிருந்து அவள்தான் அள்ளிக்கொண்டு வந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை. அவனுடைய பனியன் கம்பெனியில் கொடுத்தனுப்பிய ஆரஞ்சு. மெடிக்கல் கடையில் காய்ச்சல் செட் என்று காகிதத்தில் மடித்துத் தந்த பச்சை.

மூன்று இடம். மூன்று நிறம். மூன்றும் வேறு வேறு என்றுதான் நினைத்தாள்.

ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று கேட்கும்.

வேளை தவறவில்லை. அவன் சோற்றைத் தொடாத நாளிலும் தவறவில்லை.

டாக்டர் மூன்றையும் விரலால் ஒன்றாகத் தள்ளினார்.

“எல்லாமே பாராசிட்டமால்தாம்மா. ஒரே மருந்து. அளவா போட்டா நல்லதுதான். மூணையும் சேத்துப் போட்டதுல ஈரல் தாங்கல.”

பக்கத்து பெஞ்சில் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார்.

“மாத்திரையக் குடுத்தியா, பொரிகடலையக் குடுத்தியாடி? எம்பையன முழுங்கிட்டியே!”

வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் நிமிரவில்லை. அத்தை சொல்வது சரிதான். அடித்தாலும் சரிதான். அவன் எழுந்து உட்கார்ந்தால் போதும்.

விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அவள் சொல்லும் கணக்கு ரத்தப் பரிசோதனையோடு ஒத்துவரவில்லை. ரத்தத்தில் மருந்து அதைவிட அதிகமாக இருக்கிறது.

“உடம்பு வலிக்குன்னு வேற யாராச்சும் தனியா ஏதும் குடுத்தீங்களா? வலி மாத்திரை சிலதுலயும் இது கலந்திருக்கும். கடைசியா எப்பப் போட்டார்னு எனக்குத் தெரிஞ்சாகணும். யாரையும் திட்ட மாட்டேன். சொல்லுங்க.”

இல்லை என்று தலையாட்டினாள்.

பிறகுதான், நேற்று விடியலில் அவன் முனகியது ஞாபகம் வந்தது.

அம்மா வந்துட்டுப் போனா வலி விட்டுருது புள்ள.

மூட்டு வலிக்கென்று அத்தை வாங்கி வைத்திருக்கும் மாத்திரைகள்.

பக்கத்தில் அழுகை நின்றுபோயிருந்தது.

அவள் திரும்பினாள்.

“அத்தை.”

அவர் காலருகே உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“குடுத்தீங்களா அத்தை? எப்பக் குடுத்தீங்க? எம்மேலயே பழி இருக்கட்டும். நேரத்த மட்டும் சொல்லுங்க. அவரு பொழைக்கோணும்.”

டாக்டரின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

மாமியார் அவள் கையை விலக்கினார். எழுந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பவே இல்லை.

நேரத்தைச் சொல்லாமலே படியிறங்கிப் போனார்.