மிளகாய்ச் சிவப்பு

பொன்மலர் ஆய்வுக்கூடத்தின் மின்விசிறியை நிறுத்தினாள். கண்ணாடிச் சன்னலைச் சாத்தினாள். மேசையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள்.

எதிரே ராஜக்கனி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எல்லாம் மறந்துருக்கும்ட்டி பொன்மலர். இருபத்தேழு வருசம்."

"கைக்கு மறக்காது."

பொன்மலர் பர்னரைப் பற்றவைத்தாள். நீலச் சுடர் எழுந்ததும் இருவரும் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள்.

தீக்கு முன்னால் பேசக்கூடாது. மூச்சில் இருக்கும் கிருமியெல்லாம் சோதனைக் குழாய்க்குள் விழும்.

எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முதல் வருடம் இருவருக்கும் ஒரே பர்னர். வாயால் பேசாததைக் கண்ணால் பேசுவார்கள். சிரிப்பு முட்டிக்கொண்டு வர, ராஜக்கனி வராந்தாவுக்கு ஓடுவாள்.

ஐப்பசி மழைக்கு மறுநாள் விடுதிக் கிணற்றடியில் மண் எடுத்தவளும் அவள்தான். மெஸ்ஸிலிருந்து எடுத்து வந்த கரண்டியால். அந்த மண்ணைக் கரைத்துத் தடவிய தட்டில் மூன்றாம் நாள் பாக்டீரியா சிவப்பாக ஒரு பொட்டாக முளைத்தது. விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தாள், தனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று.

மாசியில் அவள் அப்பா போய்ச் சேர்ந்தார். மின்வாரியத்தில் அவர் பார்த்த வேலை மகளுக்கு வந்தது. வீட்டில் இரண்டு தம்பிகள்.

படிப்பை விட்டு, பெட்டியோடு விடுதி வாசலில் நின்று ஒன்றுதான் கேட்டாள். "அதைச் சாவ விட்டுராதட்டி."

பொன்மலர் அந்தச் சிவப்பைச் சாகவிடாமல் மாதாமாதம் மாற்றினாள். பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு. படித்தபோதும், ஆய்வுப் பட்டத்துக்கு அலைந்தபோதும், இதே கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகும். கல்யாணமான நாலாம் நாள், மருதாணிக் கையோடு வந்து மாற்றினாள்.

பொங்கல் வாழ்த்தில் வருடந்தோறும் ஒரு வரி. உன்னோடது நலம்.

கடைசிச் சில வருடங்களாக அந்த வரியில் மட்டும் பேனா நின்று நின்று போனது.

இன்று காலை மகளைக் கல்லூரியில் சேர்க்க வந்த ராஜக்கனி, விண்ணப்பத்தைக் கொடுத்த கையோடு கேட்டாள். "எங்க அது? நானே மாத்துறேன்."

பொன்மலர் அவளை இங்கே அழைத்து வந்தாள்.

ராஜக்கனி கம்பியைச் சுடரில் பிடித்தாள். நுனி வளையம் செக்கச் சிவந்தது. ஆறவிட்டாள். பழைய குழாயின் பஞ்சு அடைப்பைச் சுண்டுவிரல் மடிப்பில் கவ்வி உருவினாள். குழாயின் வாயைத் தீயில் காட்டினாள். வளையத்தால் ஒரு துளி சிவப்பைத் தொட்டு, புதுக் குழாயின் சாய்வில் மெல்ல வளைத்து வளைத்து இழுத்தாள்.

கைக்கு மறந்திருக்கவில்லை. 

கம்பியை மறுபடி சுட்டுவிட்டு, சுடரை அணைத்தாள்.

பழைய குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நெடுநேரம்.

"என்னோடது காஞ்ச மிளகாய் நிறம்லா. இது மாதுளம்பூ."

பொன்மலர் உள்ளதைச் சொன்னாள்.

"கொரோனாவுல எட்டு மாசம் காலேஜ் பூட்டிக் கெடந்துச்சு. தெறந்தப்ப ஒண்ணும் மிஞ்சல. எத்தனையோ தடவ போட்டுப் பாத்தேன். வளரல."

"அப்போ இது?"

"அதே கிணத்தடிதான். மழைக்கு மழை போய்த் தோண்டுனேன். மூணு வருசம். இதுதான் கெடச்சுது."

வெளியே யாரோ மாணவிகள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ராஜக்கனி பென்சிலுக்குக் கை நீட்டினாள்.

பழைய குழாயில் ஒட்டிய சீட்டில் அவள் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. புதுச் சீட்டில் அவற்றை எழுதவில்லை. குனிந்து, பள்ளிப்பிள்ளை போல நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

பொன்மலர்.