பலகை இடுக்கில் எலுமிச்சம்பழம்

புத்தூரில் எங்கள் எதிர்வீட்டு ஹேமநாத், கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்த பாய்மரப் படகை இன்று புலிகாட் ஏரிக்குக் கொண்டுபோவதாக இருந்தான். போன வருஷம் அவன் தம்பி வேணு அந்தப் படகிலிருந்து விழுந்துதான் ஏரியில் செத்தான். பெண்டாட்டி சுலோசனா விடுவாளா? காலையிலிருந்தே சண்டை. மாடியில் நானும் துணி உலர்த்தி முடிக்கவேயில்லை.

படகு சாயாமலிருக்க அடியிலுள்ள இடுக்கு வழியாகத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை, இறங்காமல் அந்த இடுக்கிலேயே சிக்கியிருந்தது.

"ஆயுத பூஜைக்கு லாரிச் சக்கரத்துக்கு வெக்கிறாப்ல இதுலயும் எலுமிச்சம்பழம் சொருவினியா? அறிவு கீதா உனக்கு?"

"ஒண்ணுதான்யா வெச்சேன்! இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற? அந்த ஏரிக்குப் போவாத!"

காய்ந்து கறுத்த பழத்தைக் கம்பியால் நெம்பி எடுத்தான். பலகை அசையவில்லை. இரண்டாவது பழம் வந்தது. அதில் குங்குமம் ஈரமாக இருந்தது. மூன்றாவதில் ஈரம் காயாத ஏரிச்சேறு ஒட்டியிருந்தது. வேணு போன பிறகு படகு எங்கள் தெருவை விட்டு நகரவேயில்லை.

ஹேமநாத் கம்பியை வீசியெறிந்தான். "டேய் வேணு, உடுறா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். படகை ஓங்கி உதைத்தான். "சரி, போவல! போதுமாடா?"

யாரும் தொடாமலே பலகை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.