ஆடும் காசு

பாறூக் காக்கா அந்தச் சின்னப் பெட்டியைக் காதருகே பிடித்து ஆட்டினார். உள்ளே காசு கிலுக் கிலுக் என்றது.

"தங்கச்சி, இது திறந்து மூடின சாமான்."

சொல்லிவிட்டு மையித்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகமும் அவருக்குக் கடைச் சாமான்தான். தேவைப்படும்போது எடுத்து மாட்டுவார்.

காத்தான்குடியில் அவருடைய கடையின் முன்பக்கம் சுவர்க்கடிகார வியாபாரம், பின்பக்கம் பழைய காசு வியாபாரம். முன்பக்கம் சோறு போட்டது. பின்பக்கம் தூக்கத்தைக் கெடுத்தது.

எதிரே இருந்த பெண் அமிர்தகழியிலிருந்து வருவதாகவும் பெயர் மேர்லின் என்றும் சொல்லியிருந்தாள். அவள் வந்த ஓட்டோ வாசலில் நின்றது. பின்சீற்றில் ஒரு மனிதர் இறங்காமல் குந்தியிருந்தார். புருஷனாக இருக்கும். வெட்கப்பட்டு வெளியில் இருக்கிற ஆளின் சாமான் மலிவாகப் படியும் என்பது காக்காவின் அனுபவம்.

பெட்டி உள்ளங்கையளவுதான். தெளிந்த பிளாஸ்டிக். உள்ளே வெள்ளைக்காரன் காலத்து யானை போட்ட வெள்ளிக்காசு. அமெரிக்கக் கம்பனி ஒன்று எப்போதோ அதைச் சோதித்து, தரம் எழுதி, உள்ளே வைத்து ஒட்டி மூடியிருந்தது. ஒட்டு இருக்கும்வரை கம்பனியின் வாக்கு உயிரோடிருக்கும். பெட்டி உடைந்தால் வாக்கும் போச்சு, காசும் பத்தோடு பதினொன்று.

காக்காவுக்கு இந்தப் பெட்டியை ஏற்கெனவே தெரியும்.

போன நத்தார்ப் பண்டிகைக்குக் கனடாவிலிருந்து வந்த ஒருவர் இதே மேசையில் இதைக் கொண்டுவந்து வைத்தார். காக்கா அன்றும் ஆட்டினார். அதே முகம், அதே சொல். மனிதர் விலையில் இறங்கி வருவார் என்று பார்த்தால், முகம் கறுத்துப்போய், பெட்டியைப் பறித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த யானை காக்காவின் கனவில் மேய்ந்தது. விற்பதற்காக அல்ல. வாலிபத்திலிருந்து அவர் சேர்த்துவந்த இலங்கைக் காசுத் தட்டில் ஒரே ஒரு குழிதான் காலி. அது இந்த யானைக்கு.

இப்போது யானை தானாக நடந்து வந்திருக்கிறது. முன்பின் காணாதவர்போல இருந்துகொண்டார்.

மேர்லின் விலை கேட்கவில்லை. யார் திறந்திருப்பார்கள் என்று கேட்டாள்.

விலை கேட்க மறந்தவள் மிரண்டிருக்கிறாள் என்று காக்கா கணித்தார். இன்னும் ஒரு தட்டுத் தட்டினார்.

"வேற ஆரு? ஆரிட கையில இருந்திச்சோ அவருதான். நல்லத எடுத்துப்போட்டு வேற ஒண்ட வெச்சிருப்பாரு. ஒலகம் அப்பிடித்தான் கா."

அவள் வாசற்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

காக்கா பிளேன்ரீ வரவழைத்தார். தான் இதை எடுப்பதே ஒரு ஸதக்கா, தருமம் மாதிரித்தான் என்றார். உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலைக்குத் தூக்கிக்கொள்வதாகவும் அதையும் அவள் முகத்துக்காகவே செய்வதாகவும் சொன்னார்.

"வெள்ளி விலையெண்டா பெட்டி எதுக்கு காக்கா?"

கேட்டபடியே தராசடியில் கிடந்த இரும்புப் படிக்கல்லை எடுத்தாள். பெட்டியை மேசை நடுவில் வைத்தாள்.

"உடைச்சுக் காச மட்டும் தாறன்."

கை ஓங்கியது.

காக்கா பிளேன்ரீயைத் தட்டிவிட்டுப் பாய்ந்து பெட்டியைத் தன் உள்ளங்கையால் மூடினார். படிக்கல் அவருடைய விரல்களுக்கு மேலே வந்து நின்றது.

அதற்குப்பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் உண்மை. இவ்வளவு உண்மையை அந்தக் கடை ஒரே நாளில் கேட்டதில்லை.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் உள்வளையம் காசுக்கு அளவெடுத்து வெட்டுவதில்லை, ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும், அதனால் ஆடும். தொழில் தெரிந்த எவனும் இதற்குக் காது கொடுக்கமாட்டான். திறந்திருந்தால் ஒட்டு வெளிறியிருக்கும், ஓரம் வெடித்திருக்கும். பூதக்கண்ணாடியை அவள் கையில் திணித்து நாலு ஓரத்தையும் காட்டினார். போதாதென்று அலுமாரியிலிருந்து தன்னுடைய பழைய பெட்டிகள் இரண்டை எடுத்து ஆட்டினார். குழந்தையின் கிலுகிலுப்பைபோல இரண்டும் கிலுங்கின.

"அப்ப ஒருத்தரும் திறக்கல்லையா?"

"வல்லாஹி, ஒருத்தரும் திறக்கல்ல. கம்பனி மூடினது மூடினபடிதான் இரிக்கி."

மேர்லின் படிக்கல்லை இருந்த இடத்தில் வைத்தாள். இதை வெளியே வந்து ஓட்டோவில் இருப்பவரிடமும் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

புருஷன் சம்மதிக்க வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டார் காக்கா. நல்ல விலை கொடுத்தாவது இன்றைக்குக் குழியை நிரப்பிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார். சாரனை இறுக்கிக்கொண்டு ஓட்டோவரை போய், குனிந்து, எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

உள்ளே இருந்த மனிதர் கையை நீட்டினார். பெட்டியை வாங்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"இவர் பிறின்ஸ்," என்றாள் மேர்லின். "காசு இவர்ர தமையன்ட. நம்பி இவருட்டக் குடுத்திட்டுத்தான் கனடாக்குப் போனவர். நத்தாருக்கு உங்கட கடைக்கு வந்துட்டுத் திரும்பி வீட்ட வந்து, கள்ளன் எண்டு சொல்லிப் பெட்டிய இவர்ர முகத்தில எறிஞ்சிட்டுப் போயிட்டார். மறுகா ஒரு கதையுமில்ல."

காக்கா விலை சொல்ல வாய் திறந்திருந்தார்.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினாள்.

"அங்க இப்ப விடிஞ்சிருக்கும். அவருக்கும் ஒருக்காச் சொல்லுங்க காக்கா."

போன் அவர் கைக்கு வந்தது. வீடியோ அழைப்பு. திரையில் அவருடைய முகமே அவரைப் பார்த்தது.

றிங் போய்க்கொண்டிருந்தது. மாட்டிக்கொள்ள ஒரு முகத்தைத் தேடினார். அப்படி ஒன்று கடையில் இருப்பில் இல்லை.