பிரிக்காத மூன்று

ஷெஃபீல்டில் கிளைவின் பழைய புத்தகக் கடைக்கு மாரீன் வந்திருந்தாள்.

"'சனிக்கோள் காவலர்' வரிசையில நூறு புத்தகத்துக்கு மேல இருக்காமே. எதைப் படிக்கிறது, எதைச் சேர்த்து வைக்கிறது?"

கிளைவுக்கு உற்சாகம் பிறந்தது. "படிக்க மலிவுப் பதிப்பே போதும் மேடம். சேர்க்கணும்னா நாலு, ஒன்பது, பதினேழு மட்டும். அதுவும் முதல் பதிப்பு. ஆனா பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சீங்கன்னா எடைக்குத்தான் போகும்."

"மத்தது?"

"எல்லாம் இழுவை. வீட்டுக்காரருக்குப் பரிசா?"

"அவர்கிட்ட எல்லாமே இருக்கு, உறை பிரிக்காம. என்னைத் தொடவே விட்டதில்ல."

"அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

"நாளைக்கு இன்னொருத்தியோட குடிபோறார். புத்தகத்தையெல்லாம் பெட்டியில கட்டி வச்சிருக்கார்." மாரீன் கைப்பையை மாட்டிக்கொண்டாள். "அதுக்குள்ள அந்த மூணையும் பிரிச்சுப் படிச்சிடணும்."